மூன்று கோடைகள், தூங்காத எட்டு ரவுட்டர்கள்

சர்வருக்குப் புது விசிறி மாட்டிக் காரைக்குடிக்குக் கொண்டுவந்த அன்றே தேவகோட்டையிலிருந்து சின்னத்தா மகன் போன் செய்தான். "அண்ணே, பழைய சர்வர்களின் விலை இறங்கியிருக்கிறது. உங்களைப் போல கேவிஎம் போட்டு, பெரிய நெட்வொர்க்குகளில் ஓடும் ரவுட்டர் இமேஜ்களை வைத்துப் படிக்கலாமா?" என்றான். ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள்தான் கேவிஎம்; ரவுட்டர் இமேஜ் என்பது அதில் ஓட்டக்கூடிய, ரவுட்டரின் மென்பொருள் நகல். எத்தனை கோர் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), எவ்வளவு ரேம் என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். மூன்று கோடைகள் ஓட்டிய பிறகு எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இந்த இமேஜ்கள் தூங்குவதே இல்லை. எட்டு ரவுட்டர்களையும் எழுப்பிவிட்டு, ஒரு பாக்கெட்டும் அனுப்பாமல், செயலியை யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று காட்டும் 'டாப்' கட்டளையைப் பார்த்தால், ஒவ்வொன்றின் எதிரிலும் நூறு விழுக்காடு, அதாவது ஒரு முழு கோர்; சிலவற்றில் இன்னும் மேலே. நான் இருக்கிறேன் என்று பக்கத்து ரவுட்டருக்குப் பத்து விநாடிக்கு ஒருமுறை போகும் ஹலோ போன்ற சின்னச் செய்திகளைத் தவிர அவற்றுக்கு வேலையே கிடையாது. சாதாரண லினக்ஸ் இயந்திரம் சும்மா இருக்கும்போது கோரை விட்டுக்கொடுத்துவிடும். இவற்றில் பாக்கெட் கடத்தும் பகுதி, வேகத்துக்காக ஒரு கோரையே ஒதுக்கிக்கொள்ளும் டிபிடிகே முறையில், வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று போர்ட்டை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

காரணம் நியாயமானதுதான். 10 கிகாபிட் இணைப்பு முழுக்க 64 பைட் பாக்கெட்டுகளாக வந்தால் விநாடிக்கு ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சம். ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 67 நானோ விநாடி. அதற்குள், பாக்கெட் வந்துவிட்டது என்று இன்டரப்ட் (குறுக்கீட்டு மணி) அடித்துச் செயலியை எழுப்ப முடியாது. டேட்டா சென்டருக்கு அது சரி. எங்கள் வீட்டு வளவை ஒட்டிய அறைக்கு அது தண்டனை. சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடித் தரை, காற்றுக்குத் திறந்த வளவு என்று குளிர்ச்சியை நினைத்தே கட்டிய வீட்டில், அந்த ஓர் அறைக்குள் மட்டும் சித்திரை நடுப்பகலில் நிற்க முடியவில்லை. அடுத்த அறையில் படுக்கும் அப்பத்தா, விசிறியின் இரைச்சல் தாங்காமல் பாயை முகப்புக்கு மாற்றிக்கொண்டார். பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாட்களில் யுபிஎஸ் அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை.

கோருக்குக் கடிவாளம் போட்டும் பார்த்தேன். நூறு மில்லி விநாடியில் இருபது மட்டுமே ஓடலாம் என்று கேவிஎம்மில் வரம்பு வைத்தேன். அறை குளிர்ந்தது, பிஎஃப்டி விழுந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று ரவுட்டர்கள் ஒன்றையொன்று அடிக்கடி சோதித்துக்கொள்ளும் முறைதான் பிஎஃப்டி. இருபது மில்லி விநாடிக்கு ஒருமுறை, மூன்று தவறினால் இணைப்பு போயிற்று என்பது என் அமைப்பு. எண்பது மில்லி விநாடி மூச்சடைத்துக் கிடக்கும் ரவுட்டர் அறுபதுக்குள் எப்படிப் பதில் சொல்லும்? பிஎஃப்டியைத் தளர்த்தினால் எல்லாம் அமைதியாக ஓடும். ஆனால் வேலையிடத்தில் இருக்கும் அமைப்பை அப்படியே ஒத்திகை பார்க்கத்தானே இவ்வளவும்? வரம்பை எடுத்துவிட்டேன்.

இனி இதன் அருமையையும் சொல்ல வேண்டும். முதல் கோடையில் ரவுட்டர்களின் எம்டியுவை (ஒரு பாக்கெட் எத்தனை பைட் வரை இருக்கலாம் என்ற வரம்பை) 9000 என்று வைத்துவிட்டு, அவற்றை நடுவில் இணைக்கும் மென்பொருள் சுவிட்சான லினக்ஸ் பிரிட்ஜை 1500-லேயே விட்டிருந்தேன். சின்னச் சோதனைப் பாக்கெட்டான பிங் அழகாகப் போனது, ரவுட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஐஎஸ்-ஐஎஸ் நெறிமுறையின் உறவு மட்டும் எழவில்லை. இரவு ஒரு மணிக்கு, போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் வைத்துப் பார்த்தேன். இந்தப் பக்க டேப்பில் (ரவுட்டரைப் பிரிட்ஜில் செருகும் மெய்நிகர் போர்ட்டில்) ஹலோ வருகிறது, அந்தப் பக்க டேப்பில் இல்லை. ஐஎஸ்-ஐஎஸ் தன் ஹலோவை எம்டியு அளவுக்கு நிரப்பி அனுப்பும். அவ்வளவு பெரிய ஃபிரேமை (பாக்கெட்டைச் சுமக்கும் உறையை) பிரிட்ஜ் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். சென்ற ஆண்டு வேலையிடத்தில் புதிதாக எடுத்த குத்தகை இணைப்பில் அதே குறி தெரிந்தது: பிங் போகிறது, உறவு எழவில்லை. மற்றவர்கள் ஃபைபரைச் சந்தேகித்துக்கொண்டிருக்க, வழியில் எங்கோ எம்டியு குறைவு என்று ஐந்தே நிமிடத்தில் சொன்னேன். அப்படியேதான் இருந்தது. எந்த வகுப்பும் எனக்கு இதை இப்படிக் கற்றுக்கொடுத்திருக்காது.

ஆனாலும் தம்பி, இப்போது வாங்காதே. விலை இறங்கியிருக்கிறது என்று சித்திரையில் சர்வரை வீட்டுக்குள் கொண்டுவராதே. ஐப்பசி மழை தொடங்கட்டும், பிறகு பேசலாம். அதுவரை என்னுடையதில் உனக்கு ஒரு கணக்கு திறந்து தருகிறேன். இரவு பத்து மணிக்கு மேல் எழுப்பு, விடியும் முன் எட்டையும் அணைத்துவிடு. புது விசிறி மாட்டிய பிறகு அப்பத்தா தன் அறைக்கே திரும்பி வந்திருக்கிறார்.