கனச்சுவரா, இலகுச்சுவரா? இரவைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

வெயில் நாட்டுக்கு மண்சுவர், குளிர் நாட்டுக்கு மரம் என்று ஒரு விதி பேச்சிலும் எழுத்திலும் உலவுகிறது. அதில் பாதிதான் உண்மை. ஏமனின் ஷிபாம் நகரமும் போர்னியோத் தீவும் வெயில் கொளுத்தும் இடங்கள்தாம். ஷிபாமில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல்லால் ஏழெட்டு மாடி வீடுகளை நெருக்கி நெருக்கிக் கட்டியிருக்கிறார்கள். போர்னியோவிலோ உயரமான மரக்கால்களின் மேல் பலகையும் மூங்கிலும் ஓலையுமாக, காற்று ஊடுருவிச் செல்லும் வீடுகள். ஷிபாமின் வீட்டைப் போர்னியோவில் கட்டினால் உள்ளே புழுக்கத்தில் தூங்க முடியாது. முதல் பெருமழைகளிலேயே சுவரும் கரையத் தொடங்கும். போர்னியோவின் வீட்டைப் பாலைவனத்தில் கட்டினால் பகலில் அனல் காற்றும் இரவில் குளிரும் தடையின்றி உள்ளே வரும்.

இரண்டு ஊர்களின் பகலும் சூடானதுதான். வேறுபடுவது இரவு. வறண்ட பாலைவனத்தில் பகலுக்கும் இரவுக்கும் 15, 20 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருக்கும். வானத்தில் மேகமில்லை, காற்றில் ஈரமில்லை. நிலம் பகலில் வாங்கிய வெப்பம் இரவில் தங்குதடையின்றி வெளியேறிவிடுகிறது. ஈரம் நிறைந்த வெப்பமண்டலக் கரையோரத்தில் அந்த வித்தியாசம் பல நாட்களில் ஆறேழு டிகிரியைத் தாண்டாது. சுவருக்கான பொருளைத் தேர்ந்தெடுக்க முனைபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய எண் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. உச்சி வெயிலின் அளவை எல்லோரும் கேட்கிறார்கள். இரவு எவ்வளவு இறங்குகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

கனமான மண்சுவர் வெப்பத்தைத் தடுப்பதைவிட அதிகமாகத் தாமதப்படுத்துகிறது. ஓர் அடி கனமுள்ள பச்சைச் செங்கல் சுவரின் வெளிப்புறத்தில் விழும் வெப்பம் உட்புறத்தை அடைய எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். நண்பகல் சூடு வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும்போது வெளியே இரவாகிவிடும். சன்னலைத் திறந்தால் குளிர்ந்த காற்று அதைத் துடைத்தெடுத்துவிடும். விடியும்போது சுவர் மறுபடி குளிர்ந்து அடுத்த நாளுக்குத் தயாராக இருக்கும். இந்தச் சுழற்சி முழுவதும் இரவுக் குளிரை நம்பியிருக்கிறது. இரவு குளிராத ஊரில் அதே சுவர், பகலெல்லாம் வாங்கிய சூட்டை நாம் படுக்கப் போகும் நேரத்தில் நம்மீதே கொட்டும்.

இந்த உத்தியை எல்லை வரை கொண்டு போனவர்கள் நிலத்துக்குள்ளேயே குடியிருந்தார்கள். துனிசியாவின் மத்மாத்தாவில் குழி தோண்டி அதன் பக்கங்களில் அறைகள் குடைந்தார்கள். சீனாவின் மஞ்சள் மண் பீடபூமியில் மலைச்சரிவைக் குடைந்தார்கள். ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் ஓபல் கல் தோண்டிய சுரங்கங்களே வீடுகளாயின. சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கும். அங்கே பகல், இரவு மட்டுமல்லாமல் கோடை, குளிர்காலம் என்ற வேறுபாடும் மங்கிவிடுகிறது.

மண்ணின் எதிரி தண்ணீர். ஆனாலும் மழை நாட்டில் மண்சுவர் நிற்காது என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில், ஆண்டு முழுவதும் மழை தூறும் இடத்தில், வைக்கோல் கலந்து மிதித்த களிமண் சுவர்கள் நூற்றாண்டுகளாக நிற்கின்றன. கீழே கல் அடித்தளம் ஓதத்தைத் தடுக்கிறது, மேலே நீண்ட இறவாணம் மழையைத் தள்ளிவிடுகிறது, வெளியே சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை ஆவியாகவிடுகிறது. பிற்காலத்தில் ‘உறுதிக்காக’ அந்தச் சுண்ணாம்பை உரித்து சிமெண்ட் பூசியபோதுதான் கேடு வந்தது. சிமெண்ட் பூச்சில் விழும் நுண்ணிய விரிசல் வழியே தண்ணீர் உள்ளே போகும். திரும்பி வெளியேற வழி கிடைக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சுவர் பளிச்சென்று இருக்க, உள்ளே களிமண் குழைந்துகொண்டே வரும். பழைய மண்சுவரின் மேல் சிமெண்ட் பூசச் சொல்லும் யோசனையை எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

இனி எதிரணி. ஈரவெப்ப நாட்டில் உடம்பைக் குளிர்விப்பது காற்றின் ஓட்டம் ஒன்றுதான். வியர்வை காய வேண்டுமென்றால் காற்று நகர வேண்டும். அதனால் அங்கே சுவர் வெப்பத்தைச் சேமிக்கக் கூடாது, காற்றை மறிக்கவும் கூடாது. மூங்கில் தட்டி, மரப்பலகை, கிராதி எல்லாம் இந்த வேலையைச் செய்கின்றன. மாலைக் காற்று வீசத் தொடங்கிய சிறிது நேரத்தில் அவை வெளிவெப்பநிலைக்கு இறங்கிவிடும். தென்கிழக்கு ஆசியாவின் மலாய் வீடுகள் தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால் அடியிலும் காற்று ஓடுகிறது, வெள்ளம் கீழே போகிறது, கரையான் ஏறுவதும் கண்ணில் படுகிறது. சாய்வான கூரை மழையை உடனே இறக்கிவிடுகிறது. அதன் நீண்ட இறவாணம் சுவருக்கு வெயில் படாமல் பார்த்துக்கொள்கிறது. சுவர் கனத்துக்கு அங்கே வேலையில்லை. நிழல்தான் சுவரின் வேலையைச் செய்கிறது.

மரம் சீக்கிரம் கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு ஜப்பான் பதில் சொல்கிறது. நாரா அருகே ஹோர்யூ-ஜி கோயிலின் மரக் கோபுரம் சுமார் 1,300 ஆண்டுகளாக நிற்கிறது, அதுவும் மழையும் ஈரமும் நிறைந்த நாட்டில். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை அதைத் தின்னாது. தூணைக் கல்லின் மேல் நிறுத்தி, அகலமான கூரைக்குள் வைத்து, நனைந்தாலும் காய இடம் கொடுத்தால் மரம் தலைமுறைகளைத் தாண்டும். மூங்கிலுக்கு இந்த அளவு ஆயுள் கிடையாது. பதப்படுத்தாத மூங்கில் சில ஆண்டுகளிலேயே பூச்சிக்கு இரையாகும். மரமும் மூங்கிலும் தீக்கு அஞ்ச வேண்டியவை. 1666-இல் லண்டன் எரிந்த பிறகு அங்கே புதிய வீடுகளின் வெளிச்சுவரைச் செங்கல்லிலோ கல்லிலோ கட்ட வேண்டும் என்று சட்டமே வந்தது. நெருக்கமான நகரத்தில் மரத்தைத் தள்ளிவைக்க இது நியாயமான காரணம்.

குளிர் நாடுகளில் மரம் ஆட்சி செய்வதற்குக் காடுகள் அருகில் இருப்பது மட்டும் காரணமாகாது. கருங்கல் வழியே வெப்பம் ஓடும் வேகம் மரத்தின் வழியே ஓடுவதைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு. அரையடி கனமுள்ள மரச்சுவர் தடுக்கும் வெப்ப இழப்பைத் தடுக்க, கருங்கல்லில் பத்தடி கனம் வேண்டும். இன்றைய நார்வே, ஸ்வீடன் வீடுகள் இதையும் தாண்டிப் போய், மரச்சட்டங்களுக்கு இடையே கனிமப் பஞ்சை ஓர் அடி கனத்துக்கு அடைக்கின்றன. மரம் அரிதான ஐஸ்லாந்தில் புல்வேர் பின்னிய மண்கட்டிகளை அடுக்கிச் சுவரும் கூரையும் அமைத்தார்கள்; கட்டிகளுக்குள் சிக்கிய காற்றுதான் அங்கே போர்வை. சைபீரியாவின் யாகூட்ஸ்க் நகரில் சிக்கல் கீழே இருக்கிறது. நிலம் நிரந்தரமாக உறைந்திருப்பதால், வீட்டின் சூடு இறங்கினால் அந்த உறைநிலம் உருகிக் கட்டடம் புதையும். எனவே பெரிய கட்டடங்களைக்கூடக் கான்கிரீட் தூண்களின் மேல் தூக்கி நிறுத்தி, அடியில் குளிர்காற்று ஓட விடுகிறார்கள். மலாய் வீடும் யாகூட்ஸ்க் வீடும் காலூன்றி நிற்பது ஒன்றுபோலத் தெரிந்தாலும், ஒன்று தன்னைக் குளிர்வித்துக்கொள்ள நிற்கிறது, மற்றது நிலத்தைக் குளிராக வைத்திருக்க நிற்கிறது.

சுட்ட செங்கல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மண்ணைவிட மழையைத் தாங்கும், மரத்தைவிடத் தீயைத் தாங்கும், கல்லைவிட எளிதாகக் கைக்கு அடங்கும். பகல், இரவு வேறுபாடு மிதமாக உள்ள இடங்களில் அது நம்பகமான பொருள். உறைபனி விழும் இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். சரியாக வேகாத, நீரை உறிஞ்சும் செங்கல் என்றால் குளிர்காலத்துக்குக் குளிர்காலம் அதன் முகம் செதில் செதிலாக உதிரும்.

இந்தப் போட்டியாளர்கள் எல்லோரையும் ஓரங்கட்டிவிட்டு எல்லா நிலங்களிலும் ஒரே முகத்துடன் நிற்பது கான்கிரீட். அதன் வெற்றிக்குக் காரணங்கள் வலுவானவை. கரையான் தின்னாது, தீப்பற்றாது, மாடிமேல் மாடி ஏற்றலாம், பெருங்காற்றில் பறக்காது. ஆனால் வெப்பத்தைப் பொறுத்தவரை அது இரண்டு உலகங்களின் குறைகளையும் சேர்த்து வைத்திருக்கிறது. நாலைந்து அங்குலக் கான்கிரீட் தளம் வெயிலைப் பத்து மணி நேரம் தள்ளிப்போடும் அளவுக்குக் கனமில்லை. மாலையில் சட்டென்று ஆறும் அளவுக்கு இலகுவும் இல்லை. மூன்று நான்கு மணி நேரத்தில், பிற்பகலிலும் முன்னிரவிலும், சூட்டைக் கீழே இறக்கும். மொட்டைத் தளத்துக்கு அடியில் படுப்பவர்களின் வேதனைக்கு மூலகாரணம் இந்த இடைப்பட்ட கனம்தான். தளத்துக்கு வெள்ளையடிப்பதும், அதன் மேல் இன்னொரு நிழற்கூரை போட்டு இடையில் காற்று ஓட விடுவதும் கட்டிய பிறகும் செய்யக்கூடிய நிவாரணங்கள்.

கடலோரத்தில் கான்கிரீட்டுக்கு இன்னொரு நோய் உண்டு. உப்புக்காற்றின் குளோரைடு மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்து உதிர்கிறது. கம்பிக்கு மேல் போதிய கனத்துக்குக் கான்கிரீட் மூடாமல் விட்டால் இது விரைவிலேயே நடக்கும். அதோடு, சிமெண்ட் தயாரிக்கச் சூளையை 1,450 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும், சுண்ணாம்புக்கல்லும் தன் பங்குக்கு வாயுவை விடும். உலகின் மொத்தக் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் சுமார் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. அடித்தளத்துக்கும் தூணுக்கும் அந்த விலையைக் கொடுக்கலாம். தூண்களுக்கு இடையே சும்மா நிற்கும் சுவருக்குக் கொடுப்பது வீண். 1920-களில் ஸ்வீடனில் உருவான காற்றுக்குமிழ்க் கான்கிரீட் கட்டிகள் அந்த இடத்துக்கு மேலானவை: எடை சாதாரணக் கான்கிரீட்டில் நான்கில் ஒரு பங்கு அளவுதான், வெப்பம் கடத்துவது அதைவிடக் குறைவு. தண்ணீரை உறிஞ்சும் என்பதால் பூச்சு மட்டும் கவனமாக அமைய வேண்டும்.

பூகம்பம் வந்தால் இதுவரை போட்ட கணக்குகளெல்லாம் மாறுகின்றன. 2003-இல் ஈரானின் பாம் நகரில் மண் வீடுகள் சரிந்து 26,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கியபோது, அங்கே ‘புங்கா’ (bhunga) என்று அழைக்கப்படும் வட்டவடிவ மண் வீடுகள் பல நின்றன. சுவர் இரண்டு இடத்திலும் மண்தான். பாமில் கனத்த கூரைகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்படாத சுவர்களும் இருந்தன; கட்சில் மூலையே இல்லாத வட்டச் சுவர், மேலே இலகுவான கூம்புக் கூரை. மரத்தின் கதையும் இதேதான். 1995-இல் கோபே நகரில் 6,400-க்கும் அதிகமானோர் இறந்த நிலநடுக்கத்தில் பழைய மர வீடுகள் ஏராளமாக நொறுங்கின. சூறாவளிக்குப் பறக்காதிருக்க அவற்றின் மேல் மண் பரப்பிக் கனத்த ஓடு வேய்ந்திருந்தார்கள். அந்தப் பாரம் பக்கவாட்டில் ஆடியபோது கீழே இருந்த மெல்லிய சட்டங்களால் தாங்க முடியவில்லை. மறுபக்கம், காஷ்மீரில் 2005-இல் மரச்சட்டங்களுக்கு இடையே சிறு கல்லும் மண்ணும் நிரப்பிய ‘தஜ்ஜி தேவாரி’ வீடுகள் விரிசல் விட்டாலும் பல விழாமல் தப்பின. மரம் இழுவையைத் தாங்க, நிரப்பிய கல் உராய்ந்து அதிர்வை உண்டுவிட்டது. நிலம் நடுங்கும் இடத்தில் பொருளின் பெயரைவிட, தலைக்கு மேல் எவ்வளவு எடை, மூட்டுகள் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பவையே உயிரைக் காக்கின்றன.

என் தேர்வைக் கேட்டால், வறண்ட வெப்பத்துக்குத் தயங்காமல் மண்ணோ கல்லோ, ஒன்றரை அடிக்குக் குறையாத கனத்தில், சிறு சன்னல்களுடன். நிலம் நடுங்குமென்றால் சுவரைச் சுற்றி மரப் பட்டிகளும் இலகுவான கூரையும் சேர்த்து. கடுங்குளிருக்கு மரச்சட்டமும் பஞ்சடைப்பும். மிதமான பகுதிக்குச் செங்கல்.

ஈரவெப்பமும் சூறாவளியும் ஒன்றாக உள்ள கரையோரத்தில்தான் தீர்ப்புச் சொல்வது கடினம். வசதிக்கு இலகுச்சுவர் வேண்டும், புயலுக்குக் கனம் வேண்டும். 1992-இல் ஆண்ட்ரூ சூறாவளி தென் புளோரிடாவைத் தாக்கியபோது, சரியாக ஆணியடிக்காத கூரைப் பலகைகள் முதலில் பறந்தன. பிறகுதான் மழையும் காற்றும் உள்ளே புகுந்து வீட்டைக் கலைத்தன. கட்டட விதிகள் இறுகின. அங்கே நான் கான்கிரீட் தூணும் உத்தரமும் வைப்பேன், சுவரில் இரண்டு எதிர்ப்பக்கங்களில் பெரிய திறப்புகளும் புயல் நாளில் இறுக மூடும் கனத்த மரக்கதவுகளும் அமைப்பேன், கூரைக் கைமரங்களை உத்தரத்தோடு உலோகப் பட்டையால் கட்டுவேன். இறவாணம் நீண்டால் நிழல் கூடும், காற்று அதைப் பிடித்துத் தூக்கும் பிடியும் கூடும். எனவே நிழல் தரும் தாழ்வாரத்தை முதன்மைக் கூரையிலிருந்து பிரித்துத் தனிக் கூரையாகப் போட வேண்டும். புயலில் தாழ்வாரம் பிய்ந்துபோனாலும் வீட்டின் கூரை தன் இடத்தில் இருக்கும்.