"காயில் போச்சுக்கா" என்று சொன்னால் மீன்தொட்டி ஃபில்டரைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள் (தர்மபுரிக்காரர்களுக்கு)

நேற்று சாயங்காலம் பால் வாங்கப் போன இடத்தில் பக்கத்துத் தெரு அக்கா கேட்டார். "தொட்டியில நுரை நுரையா வருதுன்னு ஆளைக் கூப்பிட்டேன். ஃபில்டர்ல காயில் போயிடுச்சாம், 2,200 ஆகுமாம். குடுக்கலாமா?" (காயில் என்றால் ஃபில்டர் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்.) எனக்குக் கை நடுங்கிவிட்டது. அதே ஆள், அதே வார்த்தை, அதே தொகை. நான் இரண்டு மாதமாக வாய் திறக்காமல் இருந்தது தப்பு என்று அப்போதுதான் தோன்றியது.

எங்கள் தொட்டி மூன்றடி, ஏறக்குறைய 150 லிட்டர் பிடிக்கும். ஐந்து தங்கமீன்கள். மூன்று வருடம் முன்பு கட்டை விரல் அளவில் வாங்கியவை, உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்தன. என் மாமனாருக்கு முழங்கால் வலி, வெளியே அதிகம் போக முடியாது. காலையும் மாலையும் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் குரல் கேட்டால் ஐந்தும் கண்ணாடி ஓரம் வந்து நிற்கும்.

தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் கேனிஸ்டர் ஃபில்டர். ஒரு குழாய் தொட்டித் தண்ணீரைக் கீழே இறக்கும். ஸ்பான்ஜ், செராமிக் வளையம் எல்லாவற்றையும் தாண்டி வந்த தண்ணீரை, ஃபில்டர் தலையில் (மேல் மூடியில்) இருக்கும் மோட்டார், இம்பெல்லர் என்ற சின்ன இறக்கைச் சக்கரத்தைச் சுழற்றி, இன்னொரு குழாய் வழியாக மேலே தள்ளும். ஒருநாள் அந்த வெளிவரும் குழாயிலிருந்து பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழி வர ஆரம்பித்தது. தண்ணீரே பால் கலந்த மாதிரி மங்கியது. அவ்வப்போது மோட்டாருக்குள் கூழாங்கல் உருளுவது போல் கடகடச் சத்தம்.

வீட்டுக்காரர் ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். அதனால் மீன் வாங்கும் கடையிலேயே சொல்லி ஆளை வரவழைத்தேன். வந்ததற்கே 300 ரூபாய். பிளக்கைப் பிடுங்கி, மறுபடி சொருகி, காதை வைத்துக் கேட்டார். குழாயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "காயில் போச்சுக்கா. ரீவைண்டிங் பண்ணி, புது இம்பெல்லர் போட்டுத் தர்றேன்" என்று ஃபில்டரை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் மாமா சொன்ன வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. "ஏம்மா, சத்தம் கீழ இருந்து வரல. மேல, தொட்டி விளிம்புல இருந்து வந்துது. நம்ம கிணத்து மோட்டார் காத்து வாங்குமே, அதே சத்தம்." பாலக்கோடு பக்கம் தக்காளி போட்டவர் அவர். கிணற்று மேட்டில் மோட்டாரை வைத்து, உறிஞ்சும் குழாயின் ஜாயிண்டில் காற்று இழுத்தால் சாணியை அப்பி அடைத்துத் தண்ணீர் இறைத்த கை. நான் "அது வேற மாமா, இது வேற" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் என்றவர் மூன்றாம் நாள் இரவுதான் கொண்டுவந்தார். காயிலுக்கும் இம்பெல்லருக்கும் சேர்த்து 2,200. அதுபோக 650 ரூபாய்க்குப் புது செராமிக் வளையம், புது ஸ்பான்ஜ். "உள்ள ஒரே சேறுக்கா, பழசைத் தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். நானும் சுத்தம் செய்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். பில் கேட்டதற்கு, கடைக்கு வந்தால் தருகிறேன் என்றார்.

குமிழி நிற்கவில்லை. போன் செய்தேன். "உள்ள தங்கின காத்துக்கா, போகப் போகச் சரியாயிடும்." நான்காம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் ஓரம் ரத்தச் சிவப்பு. மறுபடி வந்து, காற்று பத்தவில்லை என்று 900 ரூபாய்க்கு ஏர் பம்ப் விற்றார். அதன் ஏர் ஸ்டோனை (குமிழி விடும் கல்லை) ஃபில்டர் தண்ணீர் இழுக்கும் வலைக்கு நேர் கீழே வைத்துவிட்டுப் போனார். குமிழி இரண்டு மடங்கானது.

ஆறாம் நாள் காலை இரண்டு மீன் செத்து மிதந்தன. அன்று இரவே இன்னொன்று. மாமா அன்று சாப்பிடவில்லை.

கிருஷ்ணகிரியில் இருக்கும் என் சித்தி பையன் பல வருடமாக மீன் வளர்ப்பவன். அவனுக்கு அப்போதுதான் போன் செய்தேன். முதல் கேள்வியே "பழைய ஸ்பான்ஜ் எங்கக்கா?" என்பதுதான். தூக்கிப்போட்டாயிற்று என்றதும் தலையில் அடித்துக்கொண்டான். மறுநாள் தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பான்ஜை ஈரம் காயாமல் பையில் கட்டி, சோதனைக் கிட்டோடு பஸ் ஏறி வந்தான். அம்மோனியா 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) காட்டியது. பூஜ்யமாக இருக்க வேண்டியது.

அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். மீன் வெளியேற்றும் அம்மோனியா விஷம். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம். இந்த பாக்டீரியா அதிகம் குடியிருப்பது அந்தப் பழுப்பு நிறச் சேறு படிந்த ஸ்பான்ஜிலும் வளையத்திலும்தான். மொத்தமாகத் தூக்கி எறிந்தால் மறுபடி குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டியில் எடுத்த தண்ணீரில்தான் அதை அலச வேண்டும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரில் அலசினால்கூட அதிலுள்ள குளோரின் கொன்றுவிடும். போர் தண்ணீர் விடுகிற தொட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். நம் பக்கத்து போர் தண்ணீர் பெரும்பாலும் கடினம், காரமும் இருக்கும். தண்ணீரில் காரம் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும்.

பிறகு குமிழியைப் பார்த்தான். மோட்டார் பக்கமே போகவில்லை. ஏர் ஸ்டோனை எதிர் மூலைக்கு நகர்த்தினான். தண்ணீர் மட்டம் இழுக்கும் வலைக்கு மேலே நன்றாக இருக்கிறதா, அந்த இடத்தில் சுழி விழுகிறதா என்று பார்த்தான். அப்புறம் ஒரு துணியை நனைத்து, கீழே இறங்கும் குழாய் தொட்டி விளிம்பைத் தாண்டும் இடத்தில், ஜாயிண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். பத்து நிமிடத்தில் நுரை அடங்கிவிட்டது. மாமா நாற்காலியிலிருந்து, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

விஷயம் இதுதான். தண்ணீர் மட்டத்துக்கு மேலே, விளிம்பைத் தாண்டும் அந்த ஒரு சாண் குழாயில் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஜாயிண்ட் தளர்ந்தால் தண்ணீர் ஒரு சொட்டு வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் "எங்கேயும் கசியலையே" என்று நாம் ஏமாறுகிறோம். போன காற்று மோட்டாரில் அடிபட்டுப் பொடிக் குமிழியாக வெளியே வருகிறது, கடகடச் சத்தமும் அதனால்தான். எங்கள் ஹோஸின் நுனி வருடக்கணக்கில் விறைத்துப் போயிருந்தது. ஒரு அங்குலம் வெட்டி, நுனியை வெந்நீரில் முக்கி, சொருகி, கிளிப் போட்டான். கிளிப் 30 ரூபாய். (சோப்பு நுரை தடவிச் சோதிக்காதீர்கள். ஜாயிண்ட் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், மீனுக்கு ஆகாது.) கழுவி மாட்டிய முதல் நாள் கொஞ்சம் குமிழி வருவது சகஜம், ஃபில்டரை மெல்லச் சாய்த்து ஆட்டினால் தங்கிய காற்று போய்விடும். வாரக்கணக்கில் வந்தால்தான் தேட வேண்டும்.

ஃபில்டர் தலையைத் திறந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. போன வருடம் கழுவும்போது என் கை தவறி இம்பெல்லர் தரையில் விழுந்து, ஒரு இறக்கையின் முனை உடைந்திருந்தது. "புது" இம்பெல்லரிலும் அதே இறக்கையில் அதே உடைசல். காயிலை இந்த மாதிரி மோட்டாரில் ரெசின் ஊற்றி மூடியிருப்பார்கள், பிரித்துச் சுற்ற வழியே இல்லை. அதைவிட, காயில் போயிருந்தால் மோட்டார் ஓடியே இருக்காது. எங்களுடையது ஒருநாளும் நிற்கவில்லை. இதை அன்றே யோசித்திருக்க வேண்டியவள் நான்.

இம்பெல்லரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "பில் இருக்கா?" என்றார் முதலாளி. கொடுத்தது மொத்தம் 4,050 ரூபாய், போனில் அனுப்பிய கணக்கு மட்டும் என்னிடம் இருக்கிறது. கேட்டும் பில் தராமலிருப்பதே 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறைகேடு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால், ஃபில்டர் தலையை மட்டும் கொடுங்கள். ஸ்பான்ஜையும் வளையத்தையும் தொட்டித் தண்ணீர் நிரம்பிய வாளியில் போட்டு, ஏர் ஸ்டோன் ஓடவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன் இம்பெல்லரை போட்டோ எடுங்கள். மாற்றியதாகச் சொன்னால் பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

மிச்சமிருந்த இரண்டு மீனும் பிழைத்துவிட்டன. தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினோம். அதற்கு முந்தைய நாளே வாளியில் பிடித்துக் காற்றோட விட்டு வைத்த தண்ணீர். ஐந்தாவது வாரம் அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்தது. பக்கத்துத் தெரு அக்கா இன்னும் பணம் கொடுக்கவில்லை. இன்று மாலை ஈரத்துணியோடு அவர் வீட்டுக்குப் போகிறேன். மாமாவும் வருகிறேன் என்கிறார்.