பேஸ் கிட்டாருக்கு எண்ணெயா, லாக்கரா?

கிருஷ்ணகிரியில் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து 34 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்) பேஸ் ஒன்றை இழைத்து முடித்தேன். பாடி மாமரம், இந்த ஊரில் இருந்துகொண்டு வேறு மரம் தேடுவானேன்! அடுத்த கேள்வி பூச்சு: லின்சீட் ஆயிலா (ஆளிவிதை எண்ணெய்), என்.சி. லாக்கரா (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு)?

லாக்கர் சீக்கிரம் காயும், பளபளக்கும். புதுப் பூச்சு பழையதைக் கரைத்து ஒன்றாகிவிடுவதால் கீறலைச் சரிசெய்தாலும் ஒட்டுப்போட்டது தெரியாது. ஆனால் ஸ்ப்ரே கன், கம்ப்ரசர், முகமூடி எல்லாம் வேண்டும். ஐப்பசி ஈரத்தில் அவசரப்பட்டு அடித்தேன். பால் தெளித்ததுபோல் வெளுத்துவிட்டது. மொத்தத்தையும் தேய்த்தெடுத்தேன்.

எண்ணெய்க்குப் பழைய பனியன் துணி போதும். கடையில் ‘டபுள் பாயில்ட்’ என்று கேட்டு வாங்குங்கள், காய்ச்சாத பச்சை எண்ணெய் லேசில் காயாது. மெல்லத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மறுபடியும் அதே. ஐந்தாறு கோட்டிங்கில் மரத்தின் ரேகை எழுந்து வரும். அடி தாங்காது, அது உண்மை. அப்புறம், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

நெக்குக்கு, அதாவது கை பிடித்து வாசிக்கும் கழுத்துப் பகுதிக்கு, எண்ணெய்தான், சந்தேகமே இல்லை. வியர்த்த கட்டைவிரல் லாக்கரில் ஒட்டும், எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகும். பாடிக்கு? தை பிறக்கட்டும், இன்னொரு தடவை லாக்கர் அடித்துப் பார்க்கிறேன்.