பல் கடிக்கும் எனக்கு நைட் கார்டு: நான்கு ஆண்டு அனுபவம்

போன வாரம் என் நைட் கார்டை, அதாவது தூக்கத்தில் பல் தேயாமல் இருக்க மேல்பல்லில் மாட்டிக்கொள்ளும் உறையை, கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடது கடைவாய்ப் பக்கம் நகம் பதியும் அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. கெட்டியான அக்ரிலிக்கையே இப்படித் தேய்த்திருக்கிறேன். இது இல்லாமல் இருந்தால் அந்தத் தேய்மானம் முழுவதும் என் பல்லில் விழுந்திருக்கும்.

கதை ஒரு பல் அடைப்பில் தொடங்கியது. 2021இல் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் அடைத்தார்கள். “கடித்துப் பாருங்கள், சரியா?” என்று கேட்டபோது பாதி வாய் மரத்துப் போயிருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் இட்லி சாப்பிடும்போதே அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு மேல்பல்லைத் தொடுவது தெரிந்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்று மூன்று வாரம் வலது பக்கமாகவே மென்றேன். அது நான் செய்த பெரிய தவறு. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. காலையில் எழுந்தால் நெற்றிப்பொட்டு இரண்டும் வலித்தன.

அதே நாட்களில்தான் என் மனைவி, “என்னங்க, ராத்திரி முழுக்கப் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்கள்” என்றார். அம்மா உடனே வயிற்றில் பூச்சி என்று முடிவுகட்டி மருந்து வாங்கிக் கொடுத்தார். நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான். மருந்தைக் குடித்தேன், பல் கடிப்பது நிற்கவில்லை.

கடைசியில் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் வேறொரு பல் மருத்துவரிடம் போனேன். மெல்லிய நீலத்தாள் ஒன்றைப் பற்களுக்கு நடுவே வைத்து, “அண்ணே, டக் டக்கென்று கடியுங்கள்” என்றார். கண்ணாடியில் காட்டினார். மற்றப் பற்களில் சிறு சிறு புள்ளிகள். அடைத்த பல்லில் மட்டும் நடுவில் வெளுத்து, சுற்றிலும் தடித்த நீல வளையம். அடைப்பு உயரமாக இருக்கிறது என்றார். கொஞ்சம் செதுக்கினார், மறுபடி தாளை வைத்தார், மறுபடி செதுக்கினார். மூன்று முறைக்குப் பிறகு அந்த வளையம் வெறும் புள்ளியானது. எல்லாப் பற்களும் ஒன்றாக வந்து உட்கார்ந்த அந்த நொடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அவர் விளக்கியது இதுதான். பல் எலும்பில் ஆணி அடித்ததுபோல இறுகி நிற்பதில்லை. வேரைச் சுற்றி ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நார்ப் படலம் இருக்கிறது. அதில்தான் பல் தொங்கி நிற்கிறது. சோற்றில் கிடக்கும் ஒரு மணலைக்கூட நாம் உடனே உணர்வது அதனால்தான். ஒரு பல் மட்டும் உயர்ந்து நின்றால் கடிக்கும்போதெல்லாம் அந்தப் படலம் நசுங்கிப் புண்படுகிறது. பல் கெட்டுவிட்டது என்று நாம் பயப்படும் வலி சில நேரங்களில் இதுதான். எனக்கு ஒரு வாரத்தில் வலி போய்விட்டது.

பல் கடிப்பது மட்டும் போகவில்லை. அடைப்பைக் குறைத்ததால் அது நிற்காது என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். உறக்கத்தில் பல் கடிப்பதை மூளைதான் நடத்துகிறது. மன அழுத்தம், காப்பி, சிகரெட், மது எல்லாம் அதைக் கூட்டும். என் கோரைப் பற்களின் கூர்முனை அப்போதே மழுங்கியிருந்தது. தாடை பக்கவாட்டில் நகரும்போது கோரைப் பற்கள் சுமையைத் தாங்கிக் கடைவாய்ப் பற்களைப் பிரித்துவிட வேண்டும். அவை தேய்ந்தால் சுமை பின்னால் போகிறது. தேய்ந்த எனாமல் திரும்ப வளராது.

முதலில் மருந்துக் கடையில் விற்கும் மென்மையான கார்டை வாங்கினேன். மூன்று வாரத்தில் கடித்துக் கிழித்துவிட்டேன். பிறகுதான் அச்சு எடுத்து மேல்பல்லுக்குக் கெட்டியான அக்ரிலிக்கில் செய்துகொண்டேன். 650 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஆனது. முதல் வாரம் எச்சில் ஊறித் தலையணை நனைந்தது, உதடு வறண்டது. இரண்டாம் வாரத்தில் பழகிவிட்டது. ஒரு மாதத்தில் காலை வலி பாதியாகக் குறைந்தது. கழற்றியதும் சில நிமிடம் பற்கள் வேறு மாதிரி சேர்வதுபோல் இருக்கும், பிறகு சரியாகிவிடும். கூடுதல் நேர வேலை வரும் வாரங்களில் இன்றும் பொட்டு வலிக்கிறது. கார்டு பல்லைக் காக்கிறது, கடிப்பதை நிறுத்துவதில்லை.

அந்த முதல் அக்ரிலிக் கார்டு ஒரு தைப்பூசத்தோடு போனது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், கிருமி சாகட்டும் என்ற அக்கறையில் அம்மா அதில் கொதிநீர் ஊற்றியிருந்தார். வளைந்துவிட்டது. இப்போது இருப்பது இரண்டாவது அக்ரிலிக் கார்டு. பச்சைத் தண்ணீர், மெல்லிய பிரஷ், காற்றோட்டமுள்ள டப்பா, இவ்வளவுதான் பராமரிப்பு. குறட்டையோடு மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு இந்தக் கார்டு அதை மோசமாக்கலாம்.

எனக்கு மிகவும் உதவியது பகலில் கற்றுக்கொண்டதுதான். பினாங்கின் பாயான் லெப்பாஸ் பகுதியில் மின்னணுப் பலகைகளை நுண்ணோக்கியில் சோதிக்கும் வேலை எனக்கு. கூர்ந்து பார்க்கும்போது பற்களை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். சும்மா இருக்கும்போது மேல் கீழ்ப் பற்களுக்கு இடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொட்டால் போதும். நுண்ணோக்கியின் ஓரத்தில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். அது கண்ணில் பட்டால் உதட்டை மூடிப் பற்களை விலக்கி, நாக்கை அண்ணத்தில் வைத்துக்கொள்வேன். முதல் நாள் எத்தனை முறை பற்கள் ஒட்டியிருந்தன என்று எண்ணத் தொடங்கி, மதியத்துக்குள் எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கும் இரண்டு பற்கள் ஆடுகின்றன. அவருக்கு முதல் காரணம் ஈறு நோய். அந்தப் பற்களில் விழும் கடிச்சுமை ஆட்டத்தைக் கூட்டுகிறது. அதனால் ஈற்றைச் சுத்தம் செய்த பிறகுதான் நீலத்தாளை எடுத்தார் மருத்துவர்.

அடுத்த மாதம் என் கார்டில் விழுந்த குழியைக் காட்டப் போகிறேன். தேய்த்துச் சமன்செய்ய முடியாவிட்டால் மூன்றாவது கார்டுக்கு அச்சு கொடுத்துவிட்டு வருவேன்.