முற்றத்துத் தளமும் வடிகாலும்: மேஸ்திரியா, காண்ட்ராக்டரா?

கிருஷ்ணகிரியில் வீட்டைச் சுற்றித் தளம் போட்டு மழைநீர் வடிகால் அமைக்க, தெரிந்த மேஸ்திரியை நாள்கூலிக்கு வைக்கலாம். சதுர அடிக் கணக்கில் காண்ட்ராக்டரிடமும் விடலாம். கருங்கல் பலகை பதிக்க என் தேர்வு மேஸ்திரிதான். கல்லோடு பழகிய கைகள் இங்கே நிறைய உண்டு, கல்லும் பக்கத்திலேயே கிடைக்கிறது. பேவர் பிளாக் (சிமெண்டில் வார்த்த தளக்கல்) என்றால் மண்ணை அடுக்கடுக்காக இறுக்க மெஷின் வேண்டும். இறுகாத மண் மழையில் அமுங்கிவிடும், பிளாக் ஆட ஆரம்பிக்கும். அதற்குக் காண்ட்ராக்டர் சரி.

யாரானாலும் வாட்டத்தை, அதாவது தண்ணீர் ஓடத் தளத்துக்குக் கொடுக்கும் சரிவை, நேரில் பாருங்கள். சுவரிலிருந்து 10 அடிக்கு 2 அங்குலமாவது இறங்க வேண்டும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் கண்ணாடிபோன்ற குழாய்) பிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம், தண்ணீர் விட்டு எங்கும் தேங்கவில்லை என்று பார்த்த பிறகே பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.