கரிசலுக்கு மண் வரப்பா, வெட்டிவேர் வரிசையா?

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் மானாவாரி பார்ப்பவர்களுக்கு ஐப்பசி மழை தெரியும், ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்து மேல்மண்ணை ஓடைக்குக் கொண்டு போய்விடும். தடுக்க இரண்டு வழி: சரிவுக்குக் குறுக்கே சம உயரக் கோட்டில் மண் வரப்பு போடலாம், அல்லது அதே கோட்டில் வெட்டிவேர்ப் புல் நடலாம்.

வரப்பு போட்ட அன்றே வேலை செய்யும். செம்மண் காட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன், தேங்கும் தண்ணீர் சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும். கரிசலில் கதை வேறு. கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும்போது வரப்பும் சேர்ந்து வெடிக்கிறது, பெருமழைத் தண்ணீர் அந்த வெடிப்பில் புகுந்து ஓர் இடத்தில் உடைத்தால் போதும், மொத்த வேகமும் அங்கே பாய்ந்து வாய்க்காலே வெட்டிவிடும். உடையாவிட்டாலும் வரப்போரம் தண்ணீர் நின்று உளுந்து மஞ்சளாகிப் போகும்.

வெட்டிவேர் தண்ணீரை நிறுத்துவதில்லை, வேகத்தைக் குறைத்து வடிகட்டி விடுகிறது. அடித்து வரும் மண், புல் வரிசைக்கு மேல்புறம் தங்கி, சில வருடங்களில் தானாகவே படி மாதிரி உயர்கிறது. வேர் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் 3 மீட்டர் வரைகூட நேராக இறங்குவதால் பயிரோடு பெரிய போட்டியும் இல்லை.

ஆனால் பொறுமை வேண்டும். 10-15 செ.மீ. இடைவெளியில் நெருக்கி நட்டு, செத்த இடத்தில் மறுபடி நட்டு, வரிசை சந்தில்லாமல் அடர்ந்து வர 2, 3 வருடம் ஆகும். சந்து விட்டால் தண்ணீர் அங்கேதான் போகும்.

சரி, கரிசல் வைத்திருந்தால் வெட்டிவேரையே நடுங்கள்.