சாய்கூரைக்கு ஃபாயில் ஒட்டிய பிஐஆர் பலகை: வாங்கலாம், ஆனால் டேப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள்

பிஐஆர் என்பது பாலிஐசோசயனுரேட் என்னும் கெட்டியான நுரைப் பொருள்; கூரையின் சாய்ந்த கைமரங்களுக்கு நடுவே பொருத்துவது. வெப்பத் தடுப்பில் இந்தப் பலகைக்குத் தாராளமாக முழு மதிப்பெண் தரலாம். இதன் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.022 வாட்/மீ.கெல்வின். 100 மி.மீ. பலகை செய்யும் வேலைக்குக் கனிமக் கம்பளி என்றால் ஏறக்குறைய 170 மி.மீ. வேண்டும். கைமரத்தின் ஆழம் குறைவான கூரைக்கு இது பெரிய லாபம்.

சிக்கல் ஈரத்தில்தான். குளிர்ப் பிரதேச வீட்டில் 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதமுள்ள அறைக்காற்று, 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் நீராகப் படியும். பலகை வெப்பத்தை உள்ளேயே நிறுத்துவதால், ஓட்டுக்கடியில் உள்ள விரிப்பு முன்பைவிட அதிகம் குளிர்கிறது. ஃபாயில் ஆவியை விடாது. பலகை ஓரத்துச் சந்து விட்டுவிடும்.

விரிப்பு பழைய தார் ஷீட்டாக இருந்தால், அதற்கும் பலகைக்கும் நடுவே 50 மி.மீ. இடைவெளி கட்டாயம். இறவாரத்தில் காற்று நுழைந்து முகட்டில் வெளியேற வேண்டும். கைமரம் 150 மி.மீ. என்றால் பலகை 100-க்கு மேல் போகக்கூடாது. 50 மி.மீ. கணக்கில் கைமரத்தின் பக்கவாட்டில் சிறு ரீப்பர் அடித்துவிட்டால் பலகை அந்த இடைவெளிக்குள் நகராது.

பலகையை இரு பக்கமும் 5 மி.மீ. குறைத்து வெட்டி, சந்தில் குறைவாக உப்பும் ஃபோம் அடியுங்கள். அதிகம் உப்பும் ரகம் பலகையைத் தள்ளிக் காற்றுவழியை அடைத்துவிடும். ஃபோம் இறுகியதும் சீவி, ஃபாயிலில் ஒட்டியிருக்கும் வெட்டுத்தூளைத் துணியால் துடைத்துவிட்டு அலுமினிய டேப் ஒட்டுங்கள். தூள்மேல் ஒட்டிய டேப் நிற்காது, பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். கைமரம் வழியாகவும் வெப்பம் கசியும் என்பதால் கீழே 40 மி.மீ. பலகை ஒன்றைக் குறுக்காகப் போட்டு, அதன் இணைப்புகளுக்கும் டேப் ஒட்டி, 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டால் மூடுங்கள். இதற்கு 80 மி.மீ. ஸ்க்ரூ போதும். டவுன்லைட்டுக்காக (உட்கூரையில் பதிக்கும் விளக்கு) இந்த அடுக்கில் ஓட்டை போட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

குறை என்றால், பலகை வளையாது. கோணலான கைமரங்களுக்கு நடுவே ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அளந்து வெட்டவேண்டியிருக்கும்; அத்தகைய பழைய கூரைக்குக் கம்பளியே மேல். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் எதையும் வைத்து மூடாதீர்கள். வெப்பமும் புழுக்கமும் மிகுந்த ஊரில் ஏசி ஓடும் வீடு என்றால் கணக்கே தலைகீழ்: அங்கே ஆவி வெளியிலிருந்து உள்ளே வரும், ஆவித் தடுப்பும் வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும்.